போலேரோ ஃபோர் வீல் வண்டிக்குப் பெரிய ஆல் டெரெய்ன் டயர்: எவ்வளவு பெரிதாகப் போகலாம்?

எண்ணூர்க் கழி | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். திருவொற்றியூரில் இருக்கிறேன். ஃபைபர் படகுகளின் அவுட்போர்டு எஞ்சின்களைப் பழுது பார்ப்பது தொழில். தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், காட்டுப்பள்ளி, பழவேற்காடு என்று வாரத்தில் நாலு நாள் வண்டி கரையோரத்தில்தான் நிற்கும். 2012 போலேரோ, ஃபோர் வீல், அதாவது தேவைப்பட்டால் நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் இழுவை கொடுக்கும் வண்டி. பின் இருக்கைகளை மடக்கி டூல் பெட்டி, கியர் கேஸ், புரொப்பெல்லர் எல்லாம் ஏற்றியிருப்பதால் தெருவில் அதற்கு மெக்கானிக் வேன் என்றே பெயர். சுமை எப்போதும் 200, 250 கிலோ இருக்கும்.

இப்போது இருப்பது கம்பெனி அளவு, 215/75 ஆர்15, சாதாரண ரோடு டயர். போன மாதம் காட்டுப்பள்ளியிலிருந்து பழவேற்காடு போகும் கரையோரப் பாதையில் மணலில் இறங்கி, ஃபோர் வீல் போட்டும் நாலு சக்கரமும் குழி தோண்டி, டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவில் தொங்கும் பல் சக்கரப் பெட்டி) மணலில் உட்கார்ந்துவிட்டது. எட்டுப் பேர் படகு வடம் கட்டி இழுத்தார்கள். அன்றைக்கு எனக்காகக் காத்திருந்த படகு கடலுக்குப் போகவில்லை. அந்தக் கவலைதான் என்னை இங்கே எழுத வைக்கிறது.

31 இன்ச் டயர், அதாவது 31x10.5 ஆர்15, போடலாம் என்று நினைக்கிறேன். வண்டி உயரம், ரிம் எல்லாம் கம்பெனி நிலையில்தான். போடலாமா? வேறு என்ன மாற்ற வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மணலி லோடு | திங்கள், இரவு 10.15

தாராளமாகப் போடுங்கள் தலைவரே. என் பழைய ஜீப்பில் 31 தான் ஓடுகிறது. மணலில் மிதந்து போகும். 200 அடி சாலைப் பள்ளமெல்லாம் தெரியவே தெரியாது.

டயர் வாசல் | செவ்வாய், காலை 6.50

தம்பி, அவசரப்பட வேண்டாம். தண்டையார்பேட்டையில் 22 வருடமாக டயர் மாட்டுகிறேன். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

215/75 ஆர்15 என்றால் அகலம் 215 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் 75 சதவீதம், அதாவது 161 மில்லிமீட்டர். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் 15 இன்ச் ரிம். மொத்த உயரம் 703 மில்லிமீட்டர் சொச்சம். 31 இன்ச் டயர் 787 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட 12 சதவீதம் பெரியது, அகலமும் 5 சென்டிமீட்டர் கூடுதல். இது கம்பெனி உயரத்தில் நிற்கும் வண்டிக்குள் அடங்காது. ஸ்டீரிங்கை முழுதாக ஒடித்தால் ஃபெண்டரைத் தின்னும். வண்டியைத் தூக்க வேண்டும், ரிம் மாற்ற வேண்டும், அப்புறம் பிரேக் ஹோஸ் நீளத்தையும் டிரைவ் ஷாஃப்ட் கோணத்தையும் பார்க்க வேண்டும். ஒரு டயருக்காக வண்டியின் பாதி பாகத்தை மாற்றுகிற கதையாகிவிடும்.

இன்னொன்று கியர். சக்கரம் 12 சதவீதம் பெரிதானால் ஒவ்வொரு கியரும் அதே அளவு நீளமாகிவிடும். மணலில் இரண்டாவது கியரில் மெதுவாக இழுத்துக்கொண்டு போகிற வண்டி மூச்சு வாங்கும். கிளட்ச்சை மிதித்து மிதித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். 250 கிலோ சுமையோடு நீங்கள் போவதற்கு அது ஆகாது.

என் கருத்து 235/75 ஆர்15. உயரம் 733 மில்லிமீட்டர், 4 சதவீதம் சொச்சம்தான் கூடும். அந்த அளவு டயருக்கு ரிம் அகலம் 6 முதல் 8 இன்ச் வரை இருக்கலாம். உங்கள் ரிம்மில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டயர் 30 மில்லிமீட்டர் பெரிதானால் டிஃபரன்ஷியல் 30 மில்லிமீட்டர் உயராது, 15 தான் உயரும். அச்சு சக்கரத்தின் நடுவில் இருப்பதால் பாதிதான் கிடைக்கும். கடைக்கு வரும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இதைச் சொன்ன பிறகுதான் புரிகிறது.

எண்ணூர்க் கழி | செவ்வாய், மதியம் 1.20

ரொம்ப நன்றி அண்ணே. ரிம்மில் 6 என்று இருக்கிறது. 15 மில்லிமீட்டர்தான் என்றால் மனசு கொஞ்சம் சோர்ந்துவிட்டது. அந்த 15-க்காக ஐந்து டயர் வாங்குவது சரியா?

பொன்னேரி வயல் | செவ்வாய், இரவு 8.05

இதே வண்டி, 235/75 ஆர்15 ஏ.டி. (ஆல் டெரெய்ன், எல்லா வகைத் தரைக்குமான டயர்), மூன்று வருடமாக ஓட்டுகிறேன். வயல், ஆரணியாற்றங்கரை, மழைக்காலத்தில் ஏரிக்கரை என்று எல்லா இடமும் போயிருக்கிறது. உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

சேற்றில் பெரிய வித்தியாசம். ரோடு டயரின் பள்ளங்கள் ஒரே சுற்றில் களிமண்ணால் மூடி வழவழவென்று ஆகிவிடும். ஏ.டி. டயரில் ரப்பர் கட்டைகளுக்கு நடுவே இடம் இருப்பதால் சுற்றும்போதே மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உதறிவிடும். உங்கள் கழியோரச் சாம்பல் சேறு வயல் களிமண்ணை விட மோசமாக ஒட்டும் என்று நினைக்கிறேன். அங்கே உதவும்.

இழப்பும் உண்டு. மழை பெய்து நனைந்த தாரில் பிரேக் பிடித்தால் பழைய டயரை விடக் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கிறது. டி.எச். ரோட்டில் லாரிகள் தேய்த்துப் பளபளப்பாக்கிய இடங்களில் நான் எப்போதும் இடைவெளி விட்டே போகிறேன். 60-க்கு மேல் ஒரு முனகல் சத்தம் வரும். ஒரு வாரத்தில் காது பழகிவிடும், ஆனால் பின்னால் உட்காருகிறவர்கள் கேட்பார்கள்.

எடையையும் சொல்ல வேண்டும். பழைய டயரையும் புதியதையும் மார்க்கெட் தராசில் வைத்துப் பார்த்தேன், ரிம் இல்லாமல். பழையது 12 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, புதியது 15. ஒரு சக்கரத்துக்கு 3 கிலோ கூடுகிறது. ஐந்தாவது டயர் பின் கதவில் தொங்குகிறது இல்லையா? ஒரு வருடத்தில் கதவின் கீல் தளர்ந்து, மூடும்போது கதவைத் தூக்கி மூட வேண்டியதாகிவிட்டது. கீல் போல்ட்டுகளை மாற்றினேன்.

ராயபுரம் 13 | செவ்வாய், இரவு 11.30

வாகனக் காப்பீட்டு உரிமைக்கோரல்களைப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். யாரும் இதுவரை தொடாத ஒரு விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதி இல்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

வண்டியைத் தூக்கி, ஃபெண்டரை வெட்டி 31 இன்ச் போட்டால் அது கண்ணுக்குத் தெரியும் மாற்றம். 235 போன்ற சிறிய மாற்றத்துக்கும் முதலில் உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு பேசுவதை விட இது நல்லது. சுமைக் குறியீடு மட்டும் கம்பெனி டயரை விடக் குறையவே கூடாது. 100 என்றால் ஒரு டயருக்கு 800 கிலோ, 104 என்றால் 900, 105 என்றால் 925.

மணலி லோடு | புதன், காலை 7.10

சார், இத்தனை வருடத்தில் என்னை யாரும் நிறுத்திக் கேட்டதில்லை.

ராயபுரம் 13 | புதன், காலை 9.00

உங்களை நிறுத்தாமல் இருக்கலாம், நண்பரே. ஆனால் ஒரு குழந்தை குறுக்கே வந்து நீங்கள் இடித்துவிட்டால், அன்றைக்கு நிறுத்துவார்கள். அந்தக் கோப்புகளைத் தினமும் பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன். அந்தக் குடும்பத்துக்கும் பணம் இழுபறியாகும், உங்கள் குடும்பத்துக்கும் ஆகும்.

மணலி லோடு | புதன், காலை 9.25

அது சரிதான் சார். என் ஜீப்புக்கும் கேட்டுப் பார்க்கிறேன்.

உப்புக்காற்று | புதன், மாலை 6.45

அண்ணா, நான் பழவேற்காட்டுப் பக்கம் ஆசிரியை. எங்கள் வீட்டிலும் ஒரு ஃபோர் வீல் இருக்கிறது, 20 வருடமாக அப்பா மணலில் ஓட்டுகிறார். எல்லோரும் டயர் அளவைப் பேசுகிறீர்கள், காற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. அன்று மணலில் சிக்கியபோது டயரில் எவ்வளவு காற்று இருந்தது?

அப்பா மணலில் இறங்கும் முன் ரோடு ஓரத்தில் நிறுத்தி நாலு டயரையும் 18 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்துக்குக் குறைப்பார். காற்று குறைந்தால் டயர் அகலமாவதை விட நீளமாக மணலில் படியும். ஒட்டகத்தின் பாதம் மாதிரி. எடை பரந்துவிடுவதால் சக்கரம் தோண்டாது. 15-க்குக் கீழே போக மாட்டார், ரிம்மிலிருந்து டயர் கழன்றுவிடும். அப்படிக் குறைத்த டயரோடு வேகமாகத் திரும்பவும் மாட்டார். திரும்பத் தாருக்கு ஏறியதும் முதல் வேலை காற்று அடிப்பது. காற்றில்லாத டயர் தாரில் ஓடினால் சுவர் சூடேறிப் பிரியும்.

இன்னொரு வேண்டுகோள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும் காலம். அலையோர மணலில் வண்டி போனால் கூடு நசுங்கும், குஞ்சுகள் சக்கரத் தடத்துக்குள் விழுந்து கடலுக்குப் போக வழி தெரியாமல் கிடக்கும். தடத்துக்குள் காய்ந்து கிடந்த குஞ்சை நானே எடுத்திருக்கிறேன், என் உள்ளங்கையில் பாதிகூட இல்லை. தயவுசெய்து ஊர்ப் பாதையிலேயே போங்கள், கரை மணலுக்கு வண்டியை இறக்காதீர்கள். எஞ்சினைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து தருவார்கள்.

எண்ணூர்க் கழி | ஞாயிறு, இரவு 8.30

தங்கச்சி சொன்னதைச் செய்து பார்த்தேன். அதை விவரமாக எழுதியாக வேண்டும்.

அன்று மணலில் சிக்கியபோது டயரில் 36 இருந்தது. சுமை இருக்கிறதே என்று கெட்டியாக வைத்திருந்தேன். இன்று காலை அதே பாதைக்கு, அதே தேய்ந்த ரோடு டயரோடு, அதே சுமையோடு போனேன். மணல் தொடங்கும் இடத்தில் நிறுத்தி வால்வு முள்ளைச் சாவி நுனியால் அழுத்தி 18-க்கு இறக்கினேன். ஒரு டயருக்கு ஒன்றரை நிமிடம். கீழே உட்கார்ந்து பார்த்தால் டயரின் வயிறு தொங்கி, தரையில் பட்ட தடம் ஒரு சாண் நீளத்திலிருந்து ஒன்றரைச் சாண் ஆகியிருந்தது. லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் நிலை), இரண்டாவது கியர். போன மாதம் எட்டுப் பேர் இழுத்த இடத்தைத் தாண்டி வண்டி பாட்டுக்குப் போய்விட்டது. சக்கரம் ஒருமுறைகூடச் சுழன்று நிற்கவில்லை.

அங்கேயே வண்டியை நிறுத்தி இறங்கி என் தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆழம் இரண்டு விரல்கூட இல்லை.

இப்போது என் கேள்வி வேறு. காற்றைக் குறைத்தாலே போகிறது என்றால், எனக்கு ஏ.டி. டயர் தேவையா?

டயர் வாசல் | திங்கள், காலை 6.30

நல்ல கேள்வி தம்பி. மணலுக்கு மட்டும் என்றால் தேவையில்லை. எந்த டயர் கம்பெனிக்காரரும் இதைச் சொல்ல மாட்டார், நான் சொல்கிறேன். மணலில் காற்றழுத்தம்தான் முக்கால்வாசி வேலையைச் செய்கிறது.

ஆனால் நீங்கள் மணலில் மட்டுமா போகிறீர்கள்? எண்ணூர்க் கழியோரத்தில் ஆளி ஓடும் மட்டி ஓடும் கத்தி மாதிரி நிற்கும். குறைந்த காற்றில் டயரின் பக்கச் சுவர் வெளியே பிதுங்கியிருக்கும்போது அதில் ஒன்று பட்டால் சுவர் கிழியும். டிரெட்டில், அதாவது தரையில் படும் பகுதியில், ஆணி ஏறினால் பஞ்சர் போடலாம், சுவர் கிழிந்தால் டயரே போச்சு. நல்ல ஏ.டி. டயரில் சுவர் கனமாக இருக்கும், தோளிலும் கட்டைகள் இறங்கி வந்து காக்கும். உங்களுக்கு ஏ.டி. அதற்காக வேண்டும். 15 மில்லிமீட்டர் உயரம் கூடுதலாகக் கிடைக்கும் நன்மை, அவ்வளவுதான்.

எப்படியும் உங்கள் டயர் மாற்றும் காலத்துக்கு வந்திருக்கும். சுவரில் நாலு இலக்க எண் ஒன்று நீள்வட்டத்துக்குள் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பார்த்துச் சொல்லுங்கள். டிரெட் ஆழமும் பாருங்கள், 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே ஓட்டக் கூடாது.

எண்ணூர்க் கழி | திங்கள், மதியம் 12.50

0916. ஒன்பதாவது வாரம், 2016. டிரெட் ஒரு டயரில் 2, மற்றதில் 3. சுவரில் மயிரிழை வெடிப்பு நிறைய இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கழியில் எண்ணெய் கலந்தபோது ஒரு வாரம் அந்த எண்ணெய்ச் சேற்றில்தான் படகு எஞ்சின்களைக் கழற்றினேன், வண்டியும் அதில்தான் நின்றது. ரப்பருக்கு எண்ணெய் ஆகாது என்று எனக்கே தெரியும், அப்போது யோசிக்கவில்லை. சரி, மாற்றிவிடுகிறேன். 235/75 ஏ.டி., ஐந்து.

பொன்னேரி வயல் | திங்கள், இரவு 9.15

ஐந்து என்று சொன்னீர்களே, அதுதான் சரி. நாலு மட்டும் வாங்கி ஸ்டெப்னியைப் பழைய அளவில் விடாதீர்கள். நம் வண்டியில் ஃபோர் வீல் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், வேக வித்தியாசத்தை ஏற்க இரண்டு அச்சுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. ஒரு சக்கரம் சின்னதாக இருந்தால் அச்சுகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். லீவரைத் திருப்பி எடுக்கவே முடியாது. காய்ந்த தாரில் ஃபோர் வீல் போடாதே என்பதும் இதனால்தான்.

வழியில் வேறு அளவு ஸ்டெப்னியை மாட்டியே ஆக வேண்டும் என்றால், டூ வீலில் ஓட்டி, அதை முன்னால் மாட்டுங்கள். பின்னால் பஞ்சர் என்றால் முன் சக்கரத்தைப் பின்னுக்குக் கொண்டுபோய், சின்னதை முன்னுக்கு. இழுக்கிற அச்சில் இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

கத்திவாக்கம் பையன் | திங்கள், இரவு 10.40

இந்த இழையைப் படித்துவிட்டு அப்பாவிடம் காட்டினேன். அவர் திருவொற்றியூர் எம்.ஆர்.எஃப். ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் கம்பெனி 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யத்தான் தொடங்கியது என்று அவர் அடிக்கடி சொல்வார். அவர் சொல்லச் சொன்னது ஒன்று: புதிய டயரின் மேல் வழவழப்பு போக முதல் 200, 300 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். சக்கர நட்டுகளை 100 கிலோமீட்டரில் ஒருமுறை மறுபடி முடுக்குங்கள். இதை ஒருவரும் செய்வதில்லை என்று வருத்தப்பட்டார்.

எண்ணூர்க் கழி | இரண்டு வாரம் கழித்து, சனி, இரவு 9.55

மாட்டிவிட்டேன். ஒரு கசப்போடு தொடங்குகிறேன், மற்றவர்களுக்கு உதவும். முதலில் போன கடையில் நல்ல விலை சொன்னார்கள். மாட்டத் தொடங்கும் முன் எண்களைப் பார்த்தேன். இரண்டு டயர் போன வருடத்தது, மூன்று டயர் நாலு வருடம் பழையது. எல்லாம் புது ஸ்டாக் என்றுதான் சொல்லியிருந்தார்கள். கேட்டபோது முகம் மாறிவிட்டது. முன்பணத்தைத் திரும்ப வாங்க இரண்டு நாள் அலைந்தேன். இங்கே அந்த நாலு இலக்கத்தைப் பற்றிப் படிக்காமல் இருந்திருந்தால் சந்தோஷமாக மாட்டிக்கொண்டு வந்திருப்பேன். டயர் வாசல் அண்ணனுக்கு என் நன்றி. அப்புறம் அவர் கடைக்கே போனேன், ஐந்தும் ஒரே வருடம், சுமைக் குறியீடு 104. காப்பீட்டு நிறுவனத்துக்கும் கடிதம் எழுதிப் பதில் வாங்கிவிட்டேன்.

மாட்டும்போது நடந்தது. அண்ணன் முன் ஃபெண்டரின் உள்பக்கம் சுண்ணாம்புத் தூளைத் தண்ணீரில் குழைத்துப் பூசினார். ஸ்டீரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து, கடை வாசல் மேட்டில் ஒரு சக்கரத்தை ஏற்றி இறக்கினார், மறு பக்கமும் அப்படியே. டயரைத் திருப்பிப் பார்த்தால் இடது பக்கம் உள் தோளில் கட்டை விரல் அளவுக்கு வெள்ளைத் தடம். அங்கே உரசுகிறது. ஸ்டீரிங் ஸ்டாப் போல்ட்டை இரண்டு சுற்று வெளியே எடுத்தார், திரும்பப் பூசிப் பார்த்தார், தடம் இல்லை. சுண்டு விரல் நுழையும் இடைவெளி இருக்கிறது. வண்டி திரும்பும் வட்டம் ஒரு முழம் பெரிதாகியிருக்கலாம், எங்கள் தெருவில் முன்பு ஒரே மூச்சில் திரும்பிய இடத்தில் இப்போது ஒருமுறை ரிவர்ஸ் எடுக்கிறேன். அலைன்மென்ட்டும் அன்றே பார்த்தாயிற்று.

வேகமானி: முன்பு மீட்டரில் 80 காட்டும்போது போனில் 76 காட்டியது, இப்போது 79. கம்பெனி மீட்டர் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும் என்பதால் பெரிய டயர் அதைச் சரிக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டது. டிஃபரன்ஷியல் உயரம் அளந்து பார்த்தேன், 2 சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. கணக்குப்படி 15 மில்லிமீட்டர்தான், மீதி என் பழைய டயர் தேய்ந்திருந்ததால்.

மேட்டில் ஏறும்போது ஒரு கியர் குறைக்க வேண்டியிருக்கிறது, எண்ணூர் மேம்பாலத்தில் தெரிகிறது. மைலேஜ் மீட்டரில் குறைவாகக் காட்டுகிறது, ஆனால் மீட்டர் 100 கிலோமீட்டர் என்றால் உண்மையில் 104 என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இழப்பு லிட்டருக்கு அரை கிலோமீட்டர்தான்.

நேற்று மழைக்குப் பின் காட்டுக்குப்பம் போனேன். சாம்பல் சேற்றில் முன்பு வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் போகும் இடத்தில் நேராகப் போனது. ஓரத்தில் ஒரு ஆளி ஓடு சுவரில் அரை இன்ச் கீறியிருக்கிறது, ரப்பர் மட்டும்தான், உள்ளே நூல் தெரியவில்லை. பழைய டயராக இருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

உப்புக்காற்று | ஞாயிறு, காலை 7.20

சந்தோஷம் அண்ணா. காற்றடிக்கும் மெஷின் வாங்கினீர்களா?

எண்ணூர்க் கழி | ஞாயிறு, காலை 7.45

வாங்கிவிட்டேன் தங்கச்சி. 12 வோல்ட், பேட்டரியில் நேராக கிளிப் மாட்டுவது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டினால் ஃப்யூஸ் போய்விடுகிறது. 18-லிருந்து 32-க்கு ஒரு டயருக்கு நாலு நிமிடம் ஆகிறது. வீட்டுக்கு வந்ததும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுகிறேன், பிரேக் டிரம்மையும் சேர்த்து.

மணலி லோடு | ஞாயிறு, காலை 11.05

அடுத்த வாரம் குடும்பத்தோடு பழவேற்காடு வருகிறேன். 31 இன்ச் டயருக்கும் 18 தானா?

உப்புக்காற்று | ஞாயிறு, காலை 11.30

20-இல் தொடங்குங்கள் அண்ணா, சக்கரம் தோண்டினால் 18. ஊர்ப் பாதையில் மட்டும்.